அரிசோனாவில ஒரு சிவன் பேர்

கேள்வி: ஐயா, வாட்ஸ்அப்பில ஒரு படம் சுத்துது. அமெரிக்காவில கிராண்ட் கேன்யனுக்குள்ள 'சிவா டெம்பிள்' எண்டு ஒரு மலை, அதில முந்தி எங்கட ஆக்கள் கட்டின சிவன் கோயில் இருந்து மண்மூடிப் போச்சாம். அம்மம்மா பார்த்திட்டு கையெடுத்துக் கும்பிட்டவ. உண்மையோ?
- வாசகி, உவர்மலை

பதில்: பேர் உண்மை பிள்ளை, கோயில் கதை பொய். அது மனுசர் கட்டினதில்லை, இயற்கையான பாறை. கிளாரன்ஸ் டட்டன் எண்டு ஒரு ராணுவ கெப்டன், புவியியலாளர், 1880ஆம் ஆண்டளவில அந்தப் பள்ளத்தாக்கை ஆராயப் போனவர், உள்ளுக்க தனித்தனியா எழும்பி நிக்கிற பாறைகளைப் பார்க்க அவருக்கு கோபுரம் மாதிரித் தெரிஞ்சிருக்கு, கிழக்குநாட்டுச் சமயங்களில ஈடுபாடும் இருந்தது, அதால விஷ்ணு டெம்பிள், சிவா டெம்பிள் எண்டு பேர் வச்சு 1882இல வந்த தன்ர பெரிய நூலிலயும் எழுதிப்போட்டார். அந்தப் பாறையள் எல்லாத்திலயும் கம்பீரமானது சிவா டெம்பிள்தான் எண்டது அவற்ற எண்ணம். பிறகு வந்த ஆக்களும் அதே வழியில புத்தர், பாரசீகத்து ஞானி சொராஸ்டர், எகிப்தின்ர தெய்வம் ஐசிஸ் எண்டு வச்சுக்கொண்டு போனவை.

எனக்கும் அந்தப் பேரைப் பார்க்கச் சந்தோசம்தான். ஆனா அந்த மண்ணில ஹவசுபாய், ஹோப்பி எண்ட பூர்வீகச் சனங்கள் டட்டனுக்கு எத்தினையோ தலைமுறைக்கு முதலே இருந்தவை, அவையளைக் கேட்டு வச்ச பேரில்லை இது. எங்கட திருக்கோணமலைக் கோட்டைக்கு இங்கிலாந்து இளவரசர் ஃபிரெடறிக்கின்ர பேரை வச்ச மாதிரித்தான், எங்களை ஆர் கேட்டது? அங்க 'இந்தியன் கார்டன்' எண்டு சொல்லிவந்த இடத்தை 2022இலதான் 'ஹவசுபாய் கார்டன்ஸ்' எண்டு மாத்தினவை. அம்மம்மா கும்பிட்டதில பிழையில்லை, படத்தை மட்டும் ஆருக்கும் அனுப்பாதேங்கோ.

கேள்வி: சரி, கோயில் இல்லையெண்டால் பாலைவனத்துக்க அந்த மலை எப்பிடித் தனிய வந்து நிண்டது?
- வாசகர், நிலாவெளி

பதில்: வந்து நிக்கேல்லை தம்பி, சுத்திவர இருந்ததெல்லாம் போய் அது மிஞ்சினது. குழல்பிட்டை நினைச்சுப் பாருங்கோ, மா ஒரு படை, தேங்காய்ப்பூ ஒரு படை. அப்பிடித்தான் அங்க கல்லு. உச்சியில கைபாப் சுண்ணாம்புக்கல், 27 கோடி வருசத்துக்கு முந்தின கடலடி, சிப்பி சங்கெல்லாம் அதுக்க இருக்கு. கீழ வெளிறின கொகொனினோ மணற்கல், அது காத்து அள்ளிக் குவிச்ச மணல்மேடு இறுகினது. அதுக்கும் கீழ ஹெர்மிட் எண்டு சிவந்த, மென்மையான களிக்கல்லு. இன்னும் கீழ 'ரெட்வோல்', ஏறக்குறைய 34 கோடி வருசம். பேர்தான் சிவப்புச்சுவர், உடைச்சுப் பார்த்தால் உள்ள சாம்பல் நிறம்! கடற்கரை வீடுகளில தகரம் கறள் பிடிச்சு, மழைக்கு அந்தக் கறள் வெள்ளைச் சுவரில வழிஞ்சு காயுமே, அதே வேலைதான், மேல இருக்கிற கல்லில இருந்து இரும்புக் கறள் வழிஞ்சு சிவந்தது.

கொலராடோ ஆறு 50, 60 இலட்சம் வருசமா இதை அறுக்குது, ஆழம் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல. பக்கத்து ஓடைகளும் அறுக்கும். பாலைவனம்தான், ஆனா பெய்யிற நேரம் ஒரேயடியா வெள்ளம், மாரியில வெடிப்புக்க தண்ணி உறைஞ்சு கல்லைப் பிளக்கும். மென்மையான கல்லு கரைய மேல இருக்கிற கடினமான கல்லு தாங்க ஏலாமல் துண்டு துண்டா விழும். ரெண்டு ஓடை ரெண்டு பக்கத்தால வந்து சேர்ந்தால் நடுவில நிண்ட துண்டு தனிச்சுப் போகும். அகலத்தை விட உயரம் கூட எண்டால் 'பியூட்', தட்டையா அகண்டிருந்தால் 'மேசா'. எங்கட மேசை போத்துக்கேயரிட்ட இருந்து வந்த சொல்லு, ஸ்பானியத்திலயும் அதேதான்! சிவா டெம்பிளின்ர தலை இன்னும் மேசை மாதிரித்தான், கடல்மட்டத்துக்கு 2,300 மீற்றர் அளவு மேல, அதில காடே இருக்கு.

அந்தக் காட்டில தனிச்சுப்போன மிருகங்கள் வேற மாதிரி மாறியிருக்குமோ எண்டு பார்க்க 1937இல நியூயோர்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில இருந்து ஹரோல்ட் அந்தோனியின்ர குழு ஏறினது. புது மிருகம் ஒண்டும் இல்லை. கிடந்தது ஒரு கொடாக் பிலிம் பெட்டி, எமரி கோல்ப் எண்ட அந்த இடத்துப் படப்பிடிப்பாளர் அவையளுக்கு முதலே ஏறி இறங்கிப்போட்டார்.

கேள்வி: கோணேசர் கோயில் நிக்கிற எங்கட சுவாமிமலையும் இதே மாதிரிப் பாறையோ?
- வாசகி, மூதூர்

பதில்: இல்லை. எங்கட பாறை பூமிக்கு அடியில 55, 60 கோடி வருசத்துக்கு முதல் வெந்து நசிஞ்சு உருமாறினது. திருக்கோணமலைப் பக்கம் காணுற குவார்ட்சைட் எண்ட கல்லு ஒரு காலத்தில வெறும் மணல். அங்க இதுக்குச் சொந்தம் தேடினால் சிவா டெம்பிளில இல்லை, பள்ளத்தாக்கின்ர அடியில, ஆத்தோரமா தெரியிற கறுத்தக் கல்லு, 170 கோடி வருசத்துக்கு மேல பழசு, அதுவும் இப்பிடி வெந்து உருமாறினதுதான். தகடு தகடா இருக்கிற அந்தக் கல்லுக்குப் பேர் விஷ்ணு ஷிஸ்ட்.