பிரான்சில் 2022-இல் இத்தனை அணு உலைகள் நின்றதற்கு, அவை பழசாகிப்போனதுதான் காரணமா?

இல்லை. பிரான்சின் அணு உலைகளை இயக்கும் மின் நிறுவனமான இ.டி.எஃப்-இடம் அப்போது இருந்தவை 56 உலைகள். 2022 ஆகஸ்ட் கடைசியில் 32 நின்றிருந்தன. கொரோனாவால் தள்ளிப்போன பராமரிப்பு வேலைகள் ஒரு பக்கம், 12 உலைகளில் குழாய் விரிசல் இன்னொரு பக்கம். விரிசலில் அதிகம் மாட்டியவை பழைய 900 மெகாவாட் உலைகள் அல்ல. அன்று ஓடியவற்றிலேயே புதிய 1,450 மெகாவாட் உலைகளும் (சிவோ, ஷோ மின் நிலையங்களில் உள்ளவை), 1,300 மெகாவாட்டில் பிற்காலத்தில் வந்த வகையும்தான்.

விரிசல் முதலில் தெரியவந்தது 2021 இறுதியில், சிவோ 1 உலையின் பத்தாண்டுச் சோதனையில். அவசர காலத்தில் அணுப்பிளவை அடக்கும் போரான் கலந்த நீரை உலைக்குள் செலுத்தும் குழாயில், முழங்கை வளைவை ஒட்டிய வெல்டிங்கின் உட்புறம். உலை ஓடும்போது இந்தக் குழாயில் ஓட்டம் கிடையாது. முதன்மைச் சுற்றிலிருந்து (உலையின் மையத்தில் சூடேறிச் சுற்றிவரும் நீர்) வரும் சூடான நீர் மேலே தங்கும், சூடு குறைந்தது கீழே நிற்கும். மேல்பாதி அதிகம் விரியும். குழாய் வளையப் பார்க்கும். அந்த இழுவிசை வெல்டிங்கில் போய் விழும். வெல்டிங் ஆறும்போது உள்ளே தங்கிய இழுவிசையும் சேர்ந்தால், துருப்பிடிக்காத எஃகும் வெந்நீரில் பிளக்கும். புதிய உலைகளில் இந்தக் குழாய் போகும் பாதையே வேறு. வினை அங்கேதான்.

ஒலி அலை அனுப்பிப் பார்க்கும் அல்ட்ராசோனிக் சோதனை வேறு வகை விரிசலைத் தேட அமைக்கப்பட்டிருந்தது. இந்த விரிசல் எஃகின் நுண்படிக மணிகளுக்கு இடையே கிளைவிட்டுப் போவதால் எதிரொலி தெளிவாக இருக்காது. ஆழம் அறிய முதலில் குழாயை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. வெட்டாமல் அளக்கும் மேம்பட்ட முறை 2022-இல்தான் வந்தது. பழுதான துண்டை அறுத்தெடுத்துப் புதுத்துண்டு வைத்து வெல்டிங் செய்து, மூட்டுகளைச் சோதிக்க வேண்டும். கதிர்வீச்சு வரம்பால் ஒருவரே நெடுநேரம் உள்ளே நிற்க முடியாது. வெல்டர்கள் போதாமல் அமெரிக்கா, கனடாவிலிருந்து சுமார் 100 பேரை வரவழைத்தார்கள். அந்த ஆண்டு அணுமின் உற்பத்தி 279 டெராவாட் மணி, அதாவது 27,900 கோடி யூனிட்டுக்கு இறங்கியது.

என்னைக் கேட்டால், உலையின் வயதைவிட வெல்டிங்கின் வரலாற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பென்லி 1 என்ற இன்னொரு உலையில் 27 மி.மீ. தடிமனுள்ள குழாயில் 23 மி.மீ. ஆழ விரிசல், நீளம் 155 மி.மீ. அந்த இடத்தில் குழாய்ப் பாதை சாதகமானது என்று அதை ஆபத்து குறைந்த பட்டியலில் வைத்திருந்தார்கள். ஆனால் கட்டுமானத்தின்போதே அந்த மூட்டை இரண்டு முறை பழுதுபார்த்திருந்தார்கள். 2023 மார்ச்சில் இது வெளியே வந்த பிறகு, பழுதுபார்த்த மூட்டுகளைச் சோதனையில் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள்.