'ஹோம் வாரண்டி முடியப் போகிறது' என்று வந்த கடிதம்: உங்கள் பேங்க் அனுப்பியதில்லை

கேள்வி: டெக்சாஸ், ஃபிரிஸ்கோவில் எட்டு மாதத்துக்கு முன் புது வீடு வாங்கினோம். போன வாரம் ஒரு கடிதம் வந்தது. உறை மேல் 'இறுதி அறிவிப்பு' என்று கொட்டை எழுத்து. உள்ளே எங்களுக்குக் கடன் கொடுத்த பேங்க்கின் பெயர், கவுண்டியின் பெயர், வீட்டு முகவரி எல்லாம் சரியாக இருக்கின்றன. ஹோம் வாரண்டி காலாவதியாகப் போகிறது, உடனே அழையுங்கள் என்று எழுதியிருக்கிறது, கூடவே செக் மாதிரி 199 டாலருக்கு ஒரு சீட்டு. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் அதைப் பார்த்துவிட்டு, "பேங்க் லெட்டர் மாப்பிள்ளை, அலட்சியமா விடாதீங்க" என்றார். அழைத்தேன். ஏசிக்கு எத்தனை வயது, வாட்டர் ஹீட்டருக்கு எத்தனை வயது என்று விசாரித்துவிட்டு கார்டு நம்பர் கேட்டார்கள். சந்தேகம் வந்து வைத்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் மூன்று நான்கு போன். இது நிஜமா? கட்டாவிட்டால் லோனுக்குப் பிரச்சினை வருமா?

பதில்: லோனுக்கு ஒன்றும் ஆகாது. முதலில் மாமனாரிடம் அதைச் சொல்லிவிடுங்கள், பாவம், அவர் இரண்டு நாளாகத் தூங்கியிருக்க மாட்டார். கார்டு நம்பர் கொடுக்காமல் வைத்தீர்கள் பாருங்கள், பெரிய வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

பேங்க் உங்களிடம் கட்டாயமாகக் கேட்பது ஹோம்ஓனர்ஸ் இன்ஷூரன்ஸ். தீ, புயல், திருட்டு இதற்கெல்லாம் அது. பெரும்பாலானவர்களுக்கு மாதத் தவணையோடு பேங்க் சேர்த்து வாங்கி வைக்கும் எஸ்க்ரோ கணக்கிலிருந்தே அந்தப் பணம் போய்விடும். ஹோம் வாரண்டி வேறு சமாச்சாரம். பெயரில்தான் வாரண்டி, உண்மையில் அது ஒரு சர்வீஸ் ஒப்பந்தம். நம் ஊரில் வாட்டர் ப்யூரிஃபையருக்கு ஏஎம்சி போடுகிறோமே, அதையே ஏசி, வாட்டர் ஹீட்டர், பாத்திரம் கழுவும் மெஷின் என்று வீட்டில் உள்ள சாமான்களுக்கெல்லாம் சேர்த்துப் போட்டால் எப்படி இருக்கும், அதுதான். போடச் சொல்லி கடன் கொடுக்கும் எந்த லெண்டரும் வற்புறுத்துவதில்லை. போடாவிட்டால் யாரும் கேட்கப் போவதும் இல்லை. இன்ஷூரன்ஸ் என்ற சொல்லும் வாரண்டி என்ற சொல்லும் புதிதாக வீடு வாங்கியவர் மண்டையில் ஒன்றாகக் கலந்து கிடக்கும், அந்தக் குழப்பத்தை நம்பித்தான் இந்தக் கடிதமே அச்சாகிறது.

என் பேங்க்கின் பெயர் இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்களைப் பயமுறுத்தியது அதுதான் என்று நினைக்கிறேன். வீட்டுக்கடன் கோப்புகளோடு வருடக்கணக்காக மல்லாடுகிற வேலை எனக்கு, அதனால் இந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒருவராவது கேட்பார். பேங்க் விற்றுவிட்டதா, ஏஜென்ட் விற்றுவிட்டாரா என்று கோபப்படுவார்கள். யாரும் விற்கத் தேவையே இல்லை. வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றிய க்ளோசிங் அன்று கை வலிக்க வலிக்கக் கையெழுத்துப் போட்டீர்கள் அல்லவா, அதில் இரண்டு ஆவணங்கள், வீடு கைமாறிய பத்திரமான டீடும், கடனுக்கு வீட்டை ஈடு வைத்த பத்திரமான டீட் ஆஃப் டிரஸ்டும், கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பதிவாகின்றன. பதிவானால் அது பொது ஆவணம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். டெக்சாஸில் ஒரு வேடிக்கை: வீட்டை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று பதிவில் சொல்ல வேண்டியதில்லை, டீடில் 'பத்து டாலரும் மதிப்புள்ள பிறவும்' என்கிற மாதிரி ஒரு வாக்கியம்தான் இருக்கும். ஆனால் எவ்வளவு கடன் வாங்கினீர்கள், யாரிடம் வாங்கினீர்கள், எந்தத் தேதியில் என்பதெல்லாம் டீட் ஆஃப் டிரஸ்டில் பளிச்சென்று இருக்கும். இந்தத் தகவலை மொத்தமாகத் திரட்டிப் பட்டியல் போட்டு விற்கும் கம்பெனிகள் இருக்கின்றன. கடிதம் அனுப்புகிறவர் அந்தப் பட்டியலை வாங்கி, லெண்டர் பெயருக்கு விட்ட காலி இடத்தில் உங்கள் லெண்டரின் பெயரை நிரப்பிவிடுகிறார். அவ்வளவுதான். கடன் தொகையோ, சில சமயம் லோன் நம்பரோகூடக் கடிதத்தில் இருக்கும், அதை வைத்தும் நம்பிவிடாதீர்கள்.

எனக்கே முதல் வீடு வாங்கி மூன்று வாரத்தில் இப்படி ஒன்று வந்தது. மறக்காமல் கட்ட வேண்டும் என்று என் மனைவி அதை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டார். ஒரு வாரம் கழித்து ஆறஅமரப் படித்தபோதுதான், கடைசியில் எறும்பு சைஸ் எழுத்தில், 'உங்களுக்குக் கடன் கொடுத்தவருக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை' என்று அவர்களே எழுதியிருப்பது கண்ணில் பட்டது. உங்கள் கடிதத்திலும் அநேகமாக அந்த வரி இருக்கும், மாமனாரின் கண்ணாடியை வாங்கித் தேடிப் பாருங்கள்.

மற்ற வித்தைகளையும் பார்த்துவிடலாம். உறை மேல், இந்தக் கடிதத்தைப் பட்டுவாடா செய்ய விடாமல் தடுத்தால் 2,000 டாலர் அபராதம், 5 வருடம் சிறை என்று ஒரு மிரட்டல் இருந்ததா? சட்டப் பிரிவு எண் 1702 என்றுகூடப் போட்டிருப்பார்கள். அந்தப் பிரிவு நிஜம். அடுத்தவருக்கு வரும் தபாலை இடைமறிப்பதைத் தடுக்கும் சட்டம் அது, உங்கள் பெட்டியில் விழும் பீட்சா கூப்பனுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. பீட்சாக் கடைக்காரர் அதை உறை மேல் அச்சடிப்பதில்லை, அதுதான் வித்தியாசம். அப்புறம், ஸ்டாம்ப் ஒட்டும் இடத்தில் 'ப்ரீசார்ட்டட் ஸ்டாண்டர்ட்' என்றோ அதன் சுருக்கமோ இருந்தால் அது மொத்தமாக அனுப்பிய விளம்பரத் தபால், எந்த பேங்க்கும் உண்மையான இறுதி அறிவிப்பை அந்தக் கட்டணத்தில் அனுப்பாது. ஆனால் அந்த எழுத்து இல்லை என்பதால் கடிதம் நல்லது என்று முடிவு கட்ட முடியாது, இப்போது பலர் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்து முதல் வகுப்புத் தபாலிலேயே அனுப்புகிறார்கள்.

அந்த 199 டாலர் சீட்டுதான் இதில் கெட்டிக்காரத்தனமான பகுதி. அமெரிக்கத் தபால் சட்டத்தின்படி, பில் மாதிரி தோன்றும் விளம்பரத்தில் 'இது பில் அல்ல, விற்பனை அழைப்பு, ஏற்றுக்கொண்டால் ஒழியப் பணம் கட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை' என்ற பொருளில் கண்ணில் படும்படி அச்சடித்தே ஆக வேண்டும். அதை அச்சடித்தால் யார் அழைப்பார்கள்? அதனால் பில் மாதிரி இல்லாமல் செக் மாதிரி செய்துவிடுகிறார்கள். 199 டாலர் நீங்கள் தர வேண்டியதா, உங்களுக்கு வர வேண்டியதா என்று புரியாது, சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று போனை எடுப்பீர்கள். அது அவர்கள் தருவதாகச் சொல்லும் தள்ளுபடி, பேங்க்கில் போட முடியாது. பொடி எழுத்தில் உண்மையைச் சொல்லிவிட்டோமே என்று அவர்கள் வாதாடலாம், ஆனால் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் எஃப்டிசி, கடிதத்தைப் படிக்கும் சாதாரண மனிதர் மொத்தத்தில் என்ன புரிந்துகொள்வார் என்பதைத்தான் பார்க்கும், மூலையில் இருக்கும் ஒரு வரி அதைக் காப்பாற்றிவிடாது.

உங்கள் விஷயத்தில் இன்னொரு அபத்தமும் இருக்கிறது. எட்டு மாதப் புது வீடு. பில்டர் கொடுத்த வாரண்டி உங்களிடமே இருக்கும், க்ளோசிங் ஃபைலில் தேடுங்கள். பொதுவாக வேலைப்பாட்டுக்கு 1 வருடம், குழாய், வயரிங், ஏசி டக்ட் போன்றவற்றுக்கு 2 வருடம், கட்டமைப்பில் வரும் பெரிய குறைகளுக்கு 10 வருடம் வரை தருவார்கள். இதில் முதல் வருடம் முடிய உங்களுக்கு நான்கு மாதம்தான் பாக்கி. கதவு சரியாகச் சாத்தவில்லை, டைல்ஸ் தூக்கிக்கொண்டது, சுவரில் கீறல் என்று எது இருந்தாலும் இப்போதே படம் எடுத்து பில்டருக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள். ஏசியின் சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பாருங்கள், பல கம்பெனிகள் பதிவு செய்தவர்களுக்குப் பாகங்களுக்கு 10 வருடமும் செய்யாதவர்களுக்கு 5 வருடமும் தருகின்றன, சில பில்டர்களே பதிவு செய்து கொடுத்துவிடுவார்கள். 'முடியப் போகும் வாரண்டி' என்று ஒன்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமானால் இவற்றைப் பற்றிப் படுங்கள்.

பழைய வீடு வாங்கியவர்கள் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். விற்றவர் தன் செலவில் ஒரு வருட ஹோம் வாரண்டி வாங்கிக் கொடுத்திருக்கலாம், இது இங்கே சகஜம். செலவுக் கணக்கைக் காட்டும் க்ளோசிங் டிஸ்க்ளோஷரின் இரண்டாம் பக்கத்தில், 'அதர்' என்ற தலைப்பின் கீழே கம்பெனி பெயரோடு இருக்கும். உங்களுக்கு வந்த கடிதத்தில் இருக்கும் பெயர் அதுதானா என்று ஒப்பிட்டால் விஷயம் தெரிந்துவிடும்.

அப்படியானால் ஹோம் வாரண்டியே ஏமாற்றா என்றால், இல்லை, முறையாக நடத்தும் கம்பெனிகளும் இருக்கின்றன. ஆனால் நான் என் பணத்தில் வாங்க மாட்டேன். வருடத்துக்குச் சில நூறு டாலர், அதற்கு மேல் ஆள் வந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் 75, 100, 125 என்று தனிக் கட்டணம். ஜூலை வெயிலில் ஏசி நின்றதும் நீங்கள் அழைத்தால், வருடா வருடம் சர்வீஸ் செய்ததற்கு ரசீது காட்டுங்கள் என்பார்கள், அல்லது ஒப்பந்தத்துக்கு முன்பே இருந்த கோளாறு என்பார்கள், அல்லது உச்சவரம்பு இவ்வளவுதான், மிச்சத்தை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள் என்பார்கள். நல்ல கம்பெனியிலேயே இந்தச் சிக்கல் உண்டு. பேங்க் மாதிரி வேஷம் கட்டி வந்தவர் ஏசி நின்ற அன்று எப்படி நடந்துகொள்வார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருட ஏசியோடு வீடு வாங்குகிறீர்கள், விற்பவர் காசில் கிடைக்கிறது என்றால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். டெக்சாஸில் இதை விற்கும் கம்பெனிகளை டிடிஎல்ஆர் என்ற மாநிலத் துறை கண்காணிக்கிறது, அதன் தளத்தில் கம்பெனி பெயரைப் போட்டுத் தேடலாம். கலிஃபோர்னியாவில் இந்த வேலையை இன்ஷூரன்ஸ் துறை பார்க்கிறது.

சரி, அந்த போன் தொல்லை. விற்பனை போன் வேண்டாம் என்று பதியும் 'டூ நாட் கால்' பட்டியலில் உங்கள் நம்பர் இருந்தாலும், நீங்களாக அழைத்து விசாரித்த கம்பெனி மூன்று மாதம் வரை உங்களைத் திருப்பி அழைக்க விதி இடம் கொடுக்கிறது. கடிதத்தின் நோக்கத்தில் பாதி இதுதான், உங்களை முதல் போன் போட வைப்பது. ஆனால் இனி அழைக்காதே என்று நீங்கள் சொல்லிவிட்டால் அந்த மூன்று மாதமும் ரத்து. அடுத்த முறை எடுத்து, "என் நம்பரை உங்கள் டூ நாட் கால் பட்டியலில் சேருங்கள்" என்று ஒரே வாக்கியம் சொல்லி வைத்துவிடுங்கள், தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வாதம் வேண்டாம், திட்டவும் வேண்டாம். அதற்குப் பிறகும் வந்தால் எடுக்காமல் பிளாக் செய்யுங்கள். எஃப்டிசியின் 'ரிப்போர்ட் ஃபிராட்' தளத்திலும், தபால் துறையின் சொந்தப் போலீஸான போஸ்டல் இன்ஸ்பெக்ஷன் சர்வீஸ் தளத்திலும், டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம். உறையைத் தூக்கிப் போடாதீர்கள், அனுப்பியவரைப் பிடிக்க உதவும் பெர்மிட் எண் பல சமயம் அதில்தான் இருக்கும்.

கார்டு நம்பர் கொடுத்துவிட்டவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால்: இன்றைக்கே ஒப்பந்தத்தை ரத்து செய்வதாக எழுத்தில் அனுப்புங்கள், பல மாநிலங்களில் குறிப்பிட்ட நாட்களுக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும், எத்தனை நாள் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். ஒப்பந்தமே கைக்கு வரவில்லையா, கிரெடிட் கார்டு கம்பெனியிடம் தகராறு பதிவு செய்யுங்கள். அந்தத் தொகை முதலில் வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாள் கெடு. டெபிட் கார்டு என்றால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

இந்த மாதிரித் தபாலை அடியோடு நிறுத்த வழி இல்லை. டிஎம்ஏ சாய்ஸ் தளத்தில் சின்னக் கட்டணம் கட்டிப் பெயரைப் பதிந்தால் ஒழுங்கான விளம்பரதாரர்களின் தபால் குறையும், இவர்கள் அந்த ரகம் இல்லை. தபால் அலுவலகத்தில் 1500 என்று ஒரு ஃபாரம் உண்டு, ஆபாசமான விளம்பரத் தபாலை நிறுத்துவதற்கானது. எது ஆபாசம் என்பதைப் பெறுபவரே முடிவு செய்யலாம் என்று 1970இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருப்பதால், ஹோம் வாரண்டி கடிதம் என் மனதைக் கெடுக்கிறது என்று எழுதிக் கொடுத்தாலும் மறுக்க முடியாதாம். ஆனால் அனுப்புநர் ஒவ்வொருவருக்கும் தனி ஃபாரம், இவர்களோ பெயரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். உங்களுக்கு நேரம் நிறைய இருந்தால் செய்யுங்கள்.

கடைசியாக, இதைப் படித்த உற்சாகத்தில் பேங்க் பெயர் போட்ட தபாலையெல்லாம் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உங்கள் லோனை வேறு சர்வீசருக்கு, அதாவது மாதத் தவணையை வசூலிக்கும் வேறு கம்பெனிக்கு, மாற்றினால் பழையவர், புதியவர் இருவரிடமிருந்தும் கடிதம் வரும், அது நிஜம், மாறிய 60 நாட்களுக்குள் தவறிப்போய்ப் பழையவருக்கே பணம் கட்டிவிட்டாலும் தாமதம் என்று கணக்கு வைக்க முடியாது. ஹோம்ஓனர்ஸ் இன்ஷூரன்ஸ் விட்டுப்போனதாகத் தெரிந்தால் சர்வீசர் தானே ஒன்றை வாங்கி அதன் செலவை உங்கள் தலையில் கட்டுவார், அதற்குக் குறைந்தது 45 நாள் முன்பே எழுதியாக வேண்டும், அந்தக் கடிதத்தைத் தவறவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். சொத்து வரி நோட்டீஸும் அப்படியே. எது எது என்று குழம்பினால், கடிதத்தில் இருக்கும் நம்பரை விட்டுவிட்டு, மாதாமாதம் வரும் லோன் ஸ்டேட்மென்டில் இருக்கும் நம்பருக்கு அழைத்துக் கேளுங்கள். அந்த நம்பரை ஒரு சீட்டில் எழுதி தபால் வைக்கும் இடத்தில் ஒட்டிவிட்டு, பகலில் தபாலைப் பிரிக்கும் வேலையை மாமனாரிடமே கொடுத்துவிடுங்கள். ஒரு கடிதத்தையும் அலட்சியமாக விடாதவர் வீட்டில் இருக்கிறார், அவர் ஊருக்குத் திரும்பும் வரையாவது உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.