கடைவீட்டை ‘டெசிமேட்’ செய்ய முடியுமா?

கேள்வி: உயர்நிலை 3 படிக்கும் என் மகள், ‘தி ஃபயர் டெசிமேட்டட் தி ஷாப்ஹவுஸ்’ என்று எழுதியதை ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். அகராதியில் ‘அழித்தல்’ என்றுதானே போட்டிருக்கிறது? – உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: ஆசிரியர் சுழித்தது சரிதான். இந்த வினைச்சொல்லுக்கு ஒரு கூட்டமோ தொகுதியோ வேண்டும். அதில் கொஞ்சமாவது மிஞ்சவும் வேண்டும். ஒற்றைக் கடைவீடு இரண்டிலும் சேராது.

லத்தீனில் ‘டெக்கெம்’ என்றால் பத்து. ‘டெசிமேட்’, ‘டெசிமல்’, ‘டிசம்பர்’ மூன்றுக்கும் அதுவே வேர். போரில் புறமுதுகிட்ட ரோமப் படைப்பிரிவில் சீட்டுக் குலுக்கிப் பத்துக்கு ஒருவனைப் பொறுக்குவார்கள். அவனைச் சக வீரர்களே அடித்துக் கொல்ல வேண்டும். தப்பியவர்களுக்குக் கோதுமைக்குப் பதில் பார்லி. படுக்கை முகாமுக்கு வெளியே. இந்தத் தண்டனைதான் ‘டெசிமேட்’டின் பழைய பொருள். ஸ்பார்டகஸ் தலைமையிலான அடிமைகள் கிளர்ச்சியின்போது ரோமத் தளபதி கிராசஸ் தன் வீரர்கள் 500 பேரை 50 குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒருவரைக் கொன்றதாகப் பண்டைய எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். 1655-ல் இங்கிலாந்தை ஆண்ட குரோம்வெல் அரச ஆதரவாளர்கள்மீது போட்ட பத்து விழுக்காட்டு வரிக்கும் ‘டெசிமேஷன்’ என்றே பெயர்.

இன்று பத்தில் ஒன்று என்று கணக்குப் பார்க்க வேண்டாம். பெரும்பகுதி அழிந்தால் இந்தச் சொல் பொருந்தும். பழைய பொருளையே பிடித்துத் தொங்குகிறவர்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. படை, மக்கள்தொகை, காடு, பவளப்பாறை எல்லாவற்றுக்கும் எழுதலாம். சிங்கப்பூரின் அலையாத்திக் காடுகளுக்கு இது கச்சிதம்: பெரும்பகுதி போய்விட்டது, சுங்கை பூலோ போன்ற இடங்களில் மிச்சம் இருக்கிறது. மிச்சம் உண்டு என்பதால்தான் ‘டோட்டலி’, ‘கம்ப்ளீட்லி’ இதற்கு முன்னால் ஒட்டுவதில்லை. ‘பை 40 பெர்சென்ட்’ என்று பின்னால் சேர்ப்பதும் உறுத்தும். எண் சொல்ல வேண்டுமென்றால் ‘ரெடியூஸ்ட்’ போதும்.

கட்டடத்துக்கு வேறு சொற்கள் இருக்கின்றன. பேர்ல் பேங்க் அடுக்குமாடியைப் போலத் திட்டமிட்டு இடித்தால் ‘டெமாலிஷ்’. தரைமட்டமானால் ‘ரேஸ்’: 1961 மே 25-ல் சுமார் 16,000 பேரின் வீடுகளைப் பறித்த புக்கிட் ஹோ சுவீ தீயைப் பற்றி எழுத அதுதான் சொல். எழுத்துக்கூட்டல் ஆர், ஏ, இஸட், இ. ‘உயர்த்து’ என்ற பொருளுள்ள சொல்லும் இதே ஒலிதான் என்பதால் பிள்ளைகள் இங்கே வழுக்குவார்கள்.

கடைவீட்டில் செங்கல் சுவர் நின்று உள்ளே மட்டும் எரிந்துபோயிருந்தால், ‘தி ஃபயர் கட்டட் தி ஷாப்ஹவுஸ்’ என்று திருத்தச் சொல்லுங்கள். ஜி, யு, இரண்டு டி, இ, டி.