எத்தனை சதவீதம் இருந்தால் பணம் வரும்? – மாற்றுத்திறனாளி உதவித்தொகை கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) வந்துவிட்டது. பாதிப்பு 50% என்று போட்டிருக்கிறார்கள். பணம் எப்போது ஏறும்?

பதில்: தானாக ஏறாது தம்பி. கார்டு வேறு, உதவித்தொகை வேறு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40% இருந்தால் மனு போடலாம், அவ்வளவுதான். அதற்கு மேல் திட்டத்துக்குத் திட்டம் கணக்கு மாறும். தமிழ்நாட்டு வருவாய்த் துறை பென்ஷனுக்கு 40 போதும், ஆனால் விஏஓ வந்து வருமானம் விசாரிப்பார். மத்திய அரசின் இந்திரா காந்தி பென்ஷனுக்கு 80, கூடவே வறுமைக்கோட்டுப் பட்டியலிலும் பெயர் வேண்டும். கடும் பாதிப்புக்கான பராமரிப்பு உதவித்தொகைக்கு 75. நீங்கள் இ-சேவை மையத்தில் வருவாய்த் துறைக்கு மனு போடுங்கள். புரோக்கருக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஒரு கண் சுத்தமாகத் தெரியாது. 30% தான் கொடுத்தார்கள். டாக்டர் குறைத்துவிட்டாரா?

பதில்: இல்லை. மறு கண் நன்றாக இருந்தால், சதவீதம் கணக்கிடும் அரசு வழிகாட்டுதலிலேயே 30தான். ஒற்றைக் காது இன்னும் மோசம்: நல்ல காதின் குறையை ஐந்தால் பெருக்கி, மற்றக் காதின் குறையைக் கூட்டி, ஆறால் வகுப்பார்கள். ஒரு காது முழுக்கப் போனாலும் 17-ஐத் தாண்டாது.

கேள்வி: சுகர், டயாலிசிஸ் எல்லாம் உண்டா சார்?

பதில்: சட்டத்தில் உள்ள 21 வகைப் பட்டியலில் இல்லை. சுகரால் காலை எடுத்திருந்தால் அந்தக் காலுக்கு உண்டு.

கேள்வி: அப்பாவுக்குப் போலியோ கால் 60%, கண் 30%. 90 வர வேண்டாமா? 70 என்று போட்டு, பராமரிப்புத் தொகையைத் தள்ளிவிட்டார்கள்.

பதில்: நேராகக் கூட்ட மாட்டார்கள். 90-லிருந்து பெரிய எண்ணைக் கழி: 30. அதைச் சின்ன எண்ணால் பெருக்கி 90-ஆல் வகு: 10. 60-ஓடு சேர்த்தால் 70.

கேள்வி: கண்ணை முதலில் எழுதச் சொன்னால் ஏறுமாமே? கேம்ப்பில் பேசிக்கொண்டார்கள்.

பதில்: போட்டுப் பாருங்கள். 90-30 அறுபது, அறுபதை 60-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 40, 30-ஐச் சேர்த்தால் அதே 70. இதற்கும் யாராவது காசு கேட்டிருப்பார்கள்.

கேள்வி: ஏழை வயிற்றில் அடிக்கிற ஃபார்முலாவுக்கு வக்காலத்து வாங்குகிறீர்களே?

பதில்: வாங்கவில்லை ஐயா. கால் ஊன்ற முடியாதவர் கண்ணை நம்பித்தான் படி இறங்குகிறார்; அந்தக் கண்ணும் போனால் கஷ்டம் இரட்டிப்பு. ஃபார்முலாவுக்கு அது தெரியாது. ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கும் டாக்டரிடம் ஃபார்முலாவைத் திட்டி என்ன பயன்? அந்த 60 சரியா என்று கேளுங்கள். தசைவலு, மூட்டு அசைவு, காலின் நீளக்குறைவு எல்லாம் அளந்தார்களா? கால் 68 என்று வந்தால் மொத்தம் 75-ஐத் தாண்டிவிடும். சான்றிதழ் மீது மேல்முறையீடு செய்ய சட்டத்தின் 59-ஆம் பிரிவு இருக்கிறது. பழைய எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு எதையும் விடாமல் எடுத்துப்போங்கள்.

கேள்வி: சார், என் கார்டில் 45%. பணம் எப்போது வரும்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எனக்கு 42%, இன்னும் ஏறவில்லை…

பதில்: முதல் பதில். புரோக்கர் பற்றிய கடைசி வரியையும் சேர்த்து.