படிக்கிற எழுத்தாளர் மாதிரியே எழுத வருது, என்ன பண்றது?

கேள்வி: நாலு வருஷமா சிறுகதை எழுதுறேன். சுஜாதா படிச்ச வாரம் சுஜாதா மாதிரி வருது, தி. ஜானகிராமன் எடுத்தா என் கதை ஆளுங்க எல்லாம் அவர் ஆளுங்களா மாறி பேச ஆரம்பிச்சிடறாங்க. "இதுல நீ எங்கடா இருக்க?"ன்னு ஃப்ரெண்ட் கேட்டுட்டான். எழுத்தாளர்கள் பேட்டி ஒண்ணு விடாம பாக்குறேன், யார் எத்தனை மணிக்கு எழுந்து எழுதுறாங்க வரைக்கும் தெரியும். ஆனா என் எழுத்து இருந்த இடத்துலயே நிக்குது. பெரிய எழுத்தாளர்கள்கிட்டேர்ந்து நிஜமாவே எப்படிக் கத்துக்கறது? இல்ல, கொஞ்ச நாள் படிக்கிறதை நிறுத்திடவா? ஒரு கதையும் இணைச்சிருக்கேன்.

பதில்: நிறுத்திடாதீங்க. பேட்டி பாக்குறதை வேணா நிறுத்திப் பாருங்க. ஒரு எழுத்தாளர் காலைல நாலு மணிக்கு எழுந்தா என்ன, ராத்திரி ரெண்டு மணிக்குத் தூங்கினா நமக்கென்ன, அவர்கிட்ட இருந்து நாம எடுத்துக்கக்கூடியது எல்லாம் அவர் எழுதின பக்கத்துலயே அச்சாகி இருக்கு. ஆனா அது சும்மா படிச்சா கண்ணுல படாது. நல்ல எழுத்தோட குணமே அதான், உள்ள இழுத்துட்டுப் போயிடும், எப்படி இழுத்துச்சுன்னு பாக்க விடாது. கதை முடிஞ்சதும் "ஆஹா"ன்னு புத்தகத்தை மூடி வெப்போம், அதுக்கு மேல ஒண்ணும் ஒட்டாது. ஒட்டுறது என்னன்னா மேல இருக்கற பூச்சு மட்டும், ரெண்டு மூணு வார்த்தை, ஒரு கிண்டல் தொனி, ஒரு பேச்சு இழுவை. உங்களுக்கு நடக்கறது அதுதான்.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கதை தெரியுமா? ஆமா, அந்த அமெரிக்கத் தலைவர்தான். 1771-ல எழுத ஆரம்பிச்ச சுயசரிதைல இதைச் சொல்லியிருக்கார். சின்ன வயசு, அண்ணனோட அச்சகத்துல வேலை கத்துக்கற பையன். நண்பன் ஒருத்தனோட லெட்டர்லயே வாக்குவாதம் பண்ணிட்டு இருந்திருக்கான், அந்தக் கடிதமெல்லாம் அப்பா கண்ணுல பட்டுடுச்சு. எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி விஷயத்துல நீ பரவால்ல, ஆனா சொல்ற அழகு, கோர்வை, தெளிவு மூணுலயும் அவன்தான் உனக்கு மேலன்னு அப்பா எடுத்துக் காட்டியே சொல்லிட்டார். பையனுக்குச் சுருக்குன்னு இருந்திருக்கும். அந்தச் சமயத்துல லண்டன்ல வந்த 'ஸ்பெக்டேட்டர்' இதழோட தொகுதி ஒண்ணு கைக்குக் கிடைக்குது. அதுல ஒரு கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என்ன சொல்லுதுன்னு சின்னதா ஒரு குறிப்பு. சில நாள் அப்படியே போட்டு வெச்சுடறது. அப்புறம் புத்தகத்தைத் திறக்காம அந்தக் குறிப்பை மட்டும் வெச்சுகிட்டு கட்டுரையைத் தன் வார்த்தைல முழுசா எழுதறது, எழுதிட்டு மூலத்தோட வெச்சுப் பாக்கறது, எங்க சறுக்கினோம்னு திருத்தறது.

அதோட விடல. கைல வார்த்தை பத்தலைன்னு தெரிஞ்சதும், உரைநடைல இருந்த கதைகளை செய்யுளா மாத்தி, மூலம் மறந்து போற வரைக்கும் காத்திருந்து திரும்ப உரைநடையாக்கியிருக்கார், எதுகை மோனைக்காக வார்த்தை தேடற பழக்கம் வரணும்னு. சில சமயம் குறிப்பையெல்லாம் கலைச்சுப் போட்டுட்டு சில வாரம் கழிச்சு வரிசைப்படுத்துவாராம், அது கோர்வை பழகறதுக்கு. எப்ப நேரம்? ராத்திரி வேலை முடிஞ்சு, காலைல வேலைக்கு முன்னாடி, அப்புறம் ஞாயித்துக்கிழமை. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, எப்பவாவது சின்னச் சின்ன இடங்கள்ல மூலத்தை விட தன்னோடது கொஞ்சம் நல்லா வந்துடுச்சோன்னு தோணும், அப்ப சந்தோஷமா இருக்கும்னு அந்த மனுஷன் ஒத்துக்கறதுதான்.

நான் இதை ஒரு தமிழ்ச் சிறுகதைல செஞ்சு பாத்தேன், பல வருஷம் முன்னாடி. என் குறிப்புல இருந்தது: "கிழவர் பஸ்ஸுக்கு நிக்கறார். பஸ் நிக்காம போயிடுது." நாலு நாள் கழிச்சு உக்காந்து எழுதினா எனக்கு அஞ்சு வாக்கியம் வந்துச்சு, அதுல ஏமாற்றம் உண்டு, பெருமூச்சு உண்டு, "முதுமையின் தனிமை"ன்னு ஒரு தொடர் வேற. பெருமையா மூலத்தைத் திறந்தேன். அங்க ஏமாற்றம்ங்கற வார்த்தையே இல்ல. கிழவர் குடையை இந்தக் கைலேர்ந்து அந்தக் கைக்கு மாத்தறார், அவ்வளவுதான், அடுத்த பாரா போயிடுது. ரொம்ப நேரம் அந்தக் குடையையே பாத்துட்டு இருந்தேன். அந்தக் கதையை அதுக்கு முன்னாடி பத்து தடவையாவது படிச்சிருப்பேன், குடை கை மாறினது ஒரு தடவை கூட கண்ணுல பட்டதில்ல. நானே எழுதித் தோத்த பிறகுதான் தெரிஞ்சுது.

இன்னொண்ணும் அன்னிக்குத்தான் பிடிபட்டுச்சு, இது நம்ம மொழிக்கே உள்ள சிக்கல். தமிழ்ல வினை கடைசில வந்து உக்காரும். அதனால அசந்தா எல்லா வாக்கியமும் ஒரே மாதிரி முடியும். வந்தான், நின்றான், பார்த்தான், சிரித்தான்னு தவில் அடிக்கற மாதிரி தான் தான் தான். பென்சில் எடுத்து என் பக்கத்துல ஒவ்வொரு வாக்கியத்தோட கடைசி வார்த்தைக்கும் கீழ கோடு போட்டேன், பதினாலு வாக்கியத்துல பன்னெண்டு 'தான்', 'றான்'. மூலத்துலயும் போட்டேன். அங்க ஒரு வாக்கியம் பெயர்ச்சொல்லோட நிக்குது, ஒண்ணு பாதிப் பேச்சுல அறுந்து போகுது, இன்னொண்ணு போய், பாத்து, திரும்பின்னு எச்சமா அடுக்கிகிட்டே போய் கடைசில ஒரே ஒரு முற்றுல வந்து இறங்குது. யார் பேசினாங்கன்னு சொல்ல "என்று கோபமாகக் கூறினான்" தேவையே படல, அந்த ஆள் என்ன பண்ணிட்டு இருக்கான்ங்கறதை வெச்சே தெரிஞ்சுடுது. நீங்க மத்த எதையும் செய்யலைனாலும் இந்தக் கோடு போடறதை மட்டும் ஒரு தடவை செஞ்சு பாருங்க, உங்களுக்குப் பிடிச்ச ரெண்டு பேர் பக்கத்துலயும் உங்க பக்கத்துலயும். சுஜாதாவோட வேகம் எங்கேர்ந்து வருதுன்னு பாதி அங்கயே தெரிஞ்சிடும்.

இப்ப உங்க பயத்துக்கு வரேன், நம்ம நடை காணாமப் போயிடுமோங்கறது. அமெரிக்க எழுத்தாளர் ஜோன் டிடியன் பதினஞ்சு பதினாறு வயசுல, அங்க அவருக்கு முன்னாடி எழுதின ஹெமிங்வேயோட கதைகளை டைப்ரைட்டர்ல அப்படியே அடிச்சுப் பாத்தாங்களாம், வாக்கியம் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கறதுக்கு. டிடியனைப் படிக்கற யாரும் இது ஹெமிங்வேயோன்னு குழம்ப மாட்டாங்க. 'ட்ரெஷர் ஐலண்ட்' எழுதின ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் இன்னும் ஒரு படி மேல போய், நான் குரங்கு மாதிரி விடாம மத்தவங்களைப் பாத்துப் பாத்து எழுதித்தான் பழகினேன்னு 1887-ல வந்த புத்தகத்துல பட்டியலே போட்டுட்டார். ஹாஸ்லிட், லாம்ப், டீஃபோ, ஹாத்தார்ன், மாண்டெய்ன், போதலேர்னு போகுது அது. பட்டியல்ல எத்தனை பேர் பாருங்க. ஒரே ஆளைப் பாத்து எழுதிட்டு இருந்தாதான் சிக்கல். நான் சிக்கினவன். ஒருத்தர் மேல பைத்தியமா ரெண்டு வருஷம் அவர் மாதிரியே எழுதிகிட்டு இருந்தேன், ஒரு பத்திரிகைக்கு அனுப்பின கதை ஓரத்துல பென்சில்ல ஒரு வரியோட திரும்பி வந்துச்சு: "அவர் கதையை அவரே எங்களுக்கு எழுதித் தர்றார்." அன்னிக்கு அழுகை வந்துச்சு, இப்ப நினைச்சா சிரிப்பு. அதனால சுஜாதா வாரம், ஜானகிராமன் வாரம் ரெண்டும் நடக்கட்டும், ஆனா அது பயிற்சி நோட்டுல. அந்த வாரம் சொந்தக் கதையைத் தொடாதீங்க, அவ்வளவுதான் விஷயம்.

முடிஞ்சு போன கதையை மட்டும் பாத்தா சில விஷயம் கடைசி வரைக்கும் தெரியவே தெரியாது. வெட்டினது எங்கன்னு அச்சுல எப்படித் தெரியும்? அதுக்கு அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வர் கைகொடுப்பார். 1981-ல வந்த அவரோட தொகுப்பை எடிட்டர் கோர்டன் லிஷ் கன்னாபின்னான்னு வெட்டியிருந்தார், வெட்டறதுக்கு முன்னாடி கார்வர் எழுதினது 2009-ல 'பிகினர்ஸ்'ங்கற பேர்ல தனியா வந்துடுச்சு. ஒரே கதையோட ரெண்டு வடிவத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு சாயந்திரம் உக்காந்தீங்கன்னா, எந்த வாக்கியம் போனதால கதை இறுகிச்சு, எது போனதால கதைல இருந்த ஆள் செத்தான்னு நீங்களே தீர்ப்பு சொல்லலாம். எல்லா வெட்டும் சரின்னு எனக்குத் தோணல. கார்வருக்கே தோணல, புத்தகத்தை நிறுத்துங்கன்னு கெஞ்சி லெட்டர் போட்டவர் அவர். ஹெமிங்வே ஒரு நாவலோட கடைசிப் பக்கத்தை 39 தடவை திருத்தி எழுதினேன்னு 1958-ல வந்த பேட்டில சொன்னார். (பேட்டி பாக்காதீங்கன்னு சொல்லிட்டு நானே பேட்டியைச் சொல்றேன், சரி விடுங்க.) அதையும் நம்பி விட்டுட வேண்டாம், 2012-ல அந்த நாவலை மறுபடி போட்டப்ப எழுதிப் பாத்து விட்ட முடிவுகளையும் பின்னாடி சேர்த்திருக்காங்க.

இன்னொரு மொழி ஓரளவு தெரியும்னா ஒரு பக்கம் மொழிபெயர்த்துப் பாருங்க, அதை விட நிதானமா ஒரு பக்கத்தைப் படிக்கவே முடியாது. புதுமைப்பித்தன் எவ்வளவு வெளிநாட்டுக் கதைகளைத் தமிழ்ல கொண்டு வந்திருக்கார், சுந்தர ராமசாமி தகழியோட 'தோட்டியின் மகன்', 'செம்மீன்' ரெண்டையும் மலையாளத்துலேர்ந்து மொழிபெயர்த்தவர்.

சரி, உங்க கதை. செத்துப் போன அப்பாவோட அலமாரியை மகன் காலி பண்றான். ஆரம்பம்: "இருள் கவிந்த அந்த மாலைப் பொழுதில் சொல்லொணாத் துயரம் அவன் நெஞ்சில் அலைமோதியது." இது நீங்க எழுதினது இல்ல, எங்கெங்கயோ படிச்சதெல்லாம் சேர்ந்து உங்க கைய வெச்சு எழுதிகிட்டது. உங்க ஃப்ரெண்ட் சொன்னது இந்த இடத்துக்கு நூத்துக்கு நூறு சரி. ஆனா மூணாவது பக்கத்துல, ரெண்டு பெரிய பாராவுக்கு நடுவுல இப்படி எழுதியிருக்கீங்க: "சட்டைப் பையில் பேனா மூடி மட்டும் குத்தியிருந்தது. பேனா இல்லை." இது யாரோட நடை? சுஜாதாவும் இல்ல, ஜானகிராமனும் இல்ல. இதுக்கு அடுத்தே பயந்துபோய் "அந்த மூடியைப் போலவே அவன் வாழ்வும் வெறுமையாகிப் போனது"ன்னு விளக்கம் வேற சேர்த்திருக்கீங்க பாருங்க, எனக்கு என் கிழவரோட பெருமூச்சு ஞாபகம் வந்துடுச்சு.

விளக்கத்தை அடிச்சுடுங்க. முதல் ரெண்டு பக்கத்தை எடுத்துட்டு அந்தப் பேனா மூடிலேர்ந்து ஆரம்பிச்சு எழுதி மறுபடி அனுப்புங்க. அப்புறம் ஒரு சந்தேகம், பேனா எங்க போச்சு? கதைல எங்கயும் இல்ல. உங்களுக்குத் தெரியுமா?