அலஸ்டர் ரெனால்ட்ஸ் யார்? யாரைப் படித்து எழுத வந்தார்? எந்த நாவலில் தொடங்கலாம்?

நெட்ஃபிளிக்ஸின் 'லவ், டெத் அண்ட் ரோபாட்ஸ்' தொடரில் 'ஜீமா ப்ளூ' படம் பார்த்துவிட்டு, அதன் மூலக்கதையை எழுதியவர் யார், அவர் எப்படி எழுத வந்தார், யாருடைய பாதிப்பு அவரிடம் இருக்கிறது, எந்தப் புத்தகத்தை முதலில் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் அலஸ்டர் ரெனால்ட்ஸ். வேல்ஸ்காரர், வானியலாளராக இருந்தவர். அவருடைய முக்கியமான நாவல்களை ஒரே ஒரு சட்டம் ஆள்கிறது: ஒளியை எதுவும் முந்த முடியாது. பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்த சட்டம்தான். விண்வெளிக் கதை எழுதுகிற பெரும்பாலானோர் முதல் அத்தியாயத்திலேயே ஏதோ ஓர் இயந்திரத்தின் பெயரைச் சொல்லி அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ரெனால்ட்ஸ் தாண்டுவதில்லை. அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டால் அவர் கதைகளில் வரும் பிரிவு, பகை, வியாபாரம், தனிமை எல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துவிடும்.

பிறந்தது 1966இல், தெற்கு வேல்ஸில் கடலோரம் இருக்கும் பேரி என்ற ஊரில். சிறுவயதில் சில காலம் கார்ன்வாலில் வளர்ந்தார். நியூகாசில் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் வானியலும் படித்து, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் முனைவர் பட்டம் பெற்றார். 1991இல் நெதர்லாந்துக்குப் போனார். அங்கே நோர்ட்வைக் ஊரில் ஐரோப்பிய விண்வெளி முகமையின் தொழில்நுட்ப மையமான 'எஸ்டெக்' இருக்கிறது. 2004 வரை பெரும்பாலும் அங்கேதான் அவருக்கு வேலை.

இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய எழுத்தின் பாதி அங்கே இருக்கிறது. அவர் பங்கெடுத்த கருவிகளில் ஒன்றின் பெயர் எஸ்-கேம். சாதாரணத் தொலைநோக்கிக் கேமரா ஒளியைச் சேர்த்து வைத்துப் படமாகத் தரும். நிறம் தெரிய வேண்டுமென்றால் வடிகட்டி மாட்ட வேண்டும். எஸ்-கேம் அப்படியல்ல. கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருளை மீக்கடத்தி என்பார்கள். டான்டலம் என்ற உலோகத்தால் ஆன மீக்கடத்திச் சந்திகள், ஆறுக்கு ஆறு என்று மொத்தமே 36 புள்ளிகள். வந்து விழும் ஒவ்வொரு ஃபோட்டானையும், அதாவது ஒளித்துகளையும், தனித்தனியாகப் பிடித்து, அது எந்த நொடியில் வந்தது, எவ்வளவு ஆற்றலோடு வந்தது, அதாவது என்ன நிறம் என்று பதிவு செய்யும். இது நடக்க வேண்டுமானால் கருவியைத் தனிச்சுழிக்கு, அதாவது எதுவும் அதற்குக் கீழே குளிர முடியாத சுமார் மைனஸ் 273 டிகிரிக்கு, மேலே ஏறத்தாழ 0.3 டிகிரியில் (0.3 கெல்வின்) வைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் சூடேறினால், வரும் ஒளியின் சைகை வெப்ப இரைச்சலில் மூழ்கிவிடும். 1999இல் கேனரித் தீவுகளின் லா பால்மாவில், 4.2 மீட்டர் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் இதைப் பொருத்தி நண்டு நெபுலாவின் துடிவிண்மீனைப் பார்த்தார்கள். நொடிக்கு முப்பது முறை துடிக்கும் நியூட்ரான் விண்மீன் அது.

இனி 'ரெவலேஷன் ஸ்பேஸ்' நாவலின் தொடக்கத்தைப் பாருங்கள். நாலு கிலோமீட்டர் நீளக் கப்பல், அதில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். கேப்டனுக்கு ஒரு கொடிய நோய். உடலுக்குள் பொருத்திய இயந்திரங்களையும் சதையையும் ஒன்றாகக் குழப்பிவிடும் நோய். அது பரவாமல் இருக்க அவரை உறையவைத்திருக்கிறார்கள். வோல்யோவா என்ற பெண் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய், ஒரு கெல்வினின் சிறு பின்னம் அளவுக்கு அவர் மூளையைச் சூடேற்றி, நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பவும் குளிரவிடுகிறாள். அதிகம் சூடேற்றினால் நோயும் விழித்துக்கொள்ளும். மில்லிகெல்வினை அன்றாடம் புழங்கும் சூழலில் இருந்த ஆளுக்குத்தான் ஒரு பேய்க்கதைக் காட்சியை இப்படி எழுதத் தோன்றும் என்பது என் எண்ணம்.

இந்த வேலையோடு சேர்த்துத்தான் எழுதினார். முதல் சிறுகதை 1990இல் 'இன்டர்சோன்' இதழில் வந்தது. 1982இல் தொடங்கிய அந்தப் பிரிட்டிஷ் இதழ்தான் ஸ்டீஃபன் பாக்ஸ்டர் போன்ற எழுத்தாளர்களையும் வளர்த்தது. முதல் கதைக்கும் முதல் நாவலுக்கும் நடுவே பத்து ஆண்டுகள். அதன் பிறகு அணை உடைந்த மாதிரி: 2000இல் 'ரெவலேஷன் ஸ்பேஸ்', 2001இல் 'கேஸம் சிட்டி', 2002இல் 'ரிடெம்ப்ஷன் ஆர்க்', 2003இல் 'அப்சல்யூஷன் கேப்'. எல்லாமே தலையணைத் தடிமன், எல்லாமே முழுநேர வேலையில் இருந்தபோது வந்தவை. இரண்டாவது நாவலுக்குப் பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைச் சங்கத்தின் விருது கிடைத்தது. 2004இல் வேலையை விட்டார், 2008இல் வேல்ஸுக்குத் திரும்பினார். 2009இல் கொலான்ஸ் பதிப்பகம் பத்து நாவல்களுக்குப் பத்து லட்சம் பவுண்டு என்று ஒப்பந்தம் போட்டது. இந்த வகை எழுத்துக்கு அது அன்று பெரிய செய்தி.

அந்த ஒளிவேகச் சட்டத்துக்கு வருகிறேன். நாவல்களில் முக்கியமான இடம் யெல்லோஸ்டோன் என்ற கோள். எப்சிலான் எரிடானி விண்மீனைச் சுற்றுவது. நம்மிடமிருந்து 10.5 ஒளியாண்டு. பூமியின் ஈர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் பாதி தூரம் வேகம் கூட்டி, மீதிப் பாதி வேகம் குறைத்துப் போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நடுவழியில் வேகம் ஒளியில் 98.8 சதவீதத்தைத் தொடும். கப்பலில் இருப்பவருக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழியும். வீட்டில் காத்திருப்பவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல். போய்த் திரும்பினால் இங்கே கால் நூற்றாண்டு, கப்பலில் பத்து வருடம். நாலைந்து பயணம் போனவன் எந்த ஊருக்கும் சொந்தக்காரன் இல்லை. அவனோடு பேசியவர்கள் செத்திருப்பார்கள், அவன் வாங்கிய சரக்குக்குச் சந்தை போயிருக்கும், அவன் பேசும் மொழியே பழசாகியிருக்கும். ரெனால்ட்ஸின் நாவல்களில் 'அல்ட்ரா' என்றொரு கூட்டம் வருகிறது. கப்பலே கதியென்று வாழும் வணிகர்கள். அவர்கள் ஏன் அவ்வளவு அன்னியமாக, ஏன் தங்களுக்குள் மட்டும் விசுவாசமாக இருக்கிறார்கள் என்பதற்கு இந்தக் கணக்கைத் தவிர வேறு விளக்கம் தேவையில்லை. 'ரிடெம்ப்ஷன் ஆர்க்'கில் ஒளியை முந்திப் பார்க்கலாமென்று முயல்கிறார்கள். விபத்து நடக்கிறது, அதில் சிக்கியவர் சாவதோடு விடவில்லை, அப்படி ஒருவர் இருந்ததே வரலாற்றிலிருந்து அழிந்துபோகிறது. இயற்பியலை மீறினால் காரணம், விளைவு என்ற வரிசையே குலையும் என்ற சார்பியல் வாதத்தை இப்படி ஒரு திகில் காட்சியாக ஆக்கியவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

ஆனால் எல்லாக் கதைகளிலும் இந்தச் சட்டம் இல்லை. அதே நெட்ஃபிளிக்ஸ் தொடரில் வந்த 'பியாண்ட் தி அகிலா ரிஃப்ட்', 2004இல் வந்த 'செஞ்சுரி ரெயின்' இரண்டிலும் குறுக்குவழிகள் உண்டு.

யாரைப் படித்து இப்படி ஆனார்? முதல் பெயர் ஆர்தர் சி. கிளார்க். எழுபதுகளின் நடுவில் 'ஸ்பீடு அண்ட் பவர்' என்று பையன்களுக்கான வார இதழ் ஒன்று வந்தது. விமானம், கார், ராக்கெட் படங்களுக்கு நடுவே கிளார்க்கின் சிறுகதைகளை மறுபதிப்பாகப் போட்டார்கள். ரெனால்ட்ஸ் அவரைப் படித்தது அங்கேதான். கிளார்க் 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர் என்பது நம் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கடனை ரெனால்ட்ஸ் 2016இல் நேராகவே அடைத்தார்: பாக்ஸ்டரோடு சேர்ந்து எழுதிய 'தி மெடூசா க்ரானிக்கிள்ஸ்', கிளார்க்கின் 1971ஆம் ஆண்டுக் குறுநாவலான 'எ மீட்டிங் வித் மெடூசா'வின் தொடர்ச்சி.

கிளார்க்கிடமிருந்து வந்தது பிரமிப்பு. கட்டமைப்பு வந்தது அமெரிக்கர் லாரி நிவனிடமிருந்து. தனித்தனிக் கதைகளாக எழுதி, எல்லாவற்றையும் ஒரே எதிர்கால வரலாற்றில் கோர்ப்பது நிவனின் வழி. ரெனால்ட்ஸின் 'கலாக்டிக் நார்த்' தொகுப்பை எடுத்தால் அந்தக் கோர்ப்பு கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது ஆள் புரூஸ் ஸ்டெர்லிங். 1985இல் வந்த அவருடைய 'ஸ்கிஸ்மேட்ரிக்ஸ்' நாவலில் மனித இனம் இரண்டு கட்சிகளாகப் பிரிகிறது. ஒன்று மரபணுவை மாற்றிக்கொள்கிறது, இன்னொன்று இயந்திரத்தைப் பொருத்திக்கொள்கிறது. ரெனால்ட்ஸிடம் மூளைகளை ஒன்றோடொன்று இணைத்துக்கொண்ட 'கன்ஜாய்னர்'களும், நொடிக்கு நொடி வாக்கெடுப்பு நடத்தி வாழும் 'டெமார்க்கிஸ்ட்'டுகளும் மோதுகிறார்கள். விதை எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஸ்டெர்லிங் அரசியலாக எழுதியதை ரெனால்ட்ஸ் உடல்வலியாக எழுதுகிறார்.

கிரெகரி பென்ஃபோர்டையும் விடக்கூடாது. அவரும் தொழில்முறை இயற்பியலாளர். உயிரினங்களை வேட்டையாடும் பழங்கால இயந்திரங்கள் அவர் நாவல்களில் ஏற்கனவே உண்டு. விண்மீன்கள் இவ்வளவு இருந்தும் ஏன் யாருடைய குரலும் கேட்கவில்லை என்ற இயற்பியலாளர் ஃபெர்மியின் கேள்விக்கு ரெனால்ட்ஸ் தரும் பதிலான 'இன்ஹிபிட்டர்'கள் அந்தப் பரம்பரையில் வருபவை. இன்னொரு பக்கம், அதே பிரிட்டனில் இயன் பாங்க்ஸ் 1987 முதல் எழுதிய பிரபஞ்சத்தில் வறுமை இல்லை, கப்பல்கள் ஒளியை அனாயாசமாக முந்தும், பேசும், கேலி செய்யும். ரெனால்ட்ஸின் கப்பல்கள் துருப்பிடித்து, எலி ஓடி, தண்ணீர் சொட்டும். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் இரண்டுமே கூடுதலாகச் சுவைக்கும்.

நீங்கள் பார்த்த 'ஜீமா ப்ளூ' 2005இல் வந்த சிறுகதை. பத்து நிமிடப் படத்தில் ஓவியரின் கதை முழுதாக இருக்கிறது. விடுபட்டுப் போனது, அதைச் சொல்கிற பத்திரிகையாளரின் கதை. மூலத்தில் அவர் பல நூறு வயதானவர், மூளைக்குள் இனி இடமில்லை. நினைவுகளை ஒரு சின்ன மிதக்கும் இயந்திரம் சுமக்கிறது. சிவப்பு ஒயினா வெள்ளை ஒயினா என்பதைக்கூட அதுதான் சொல்லும். அதை விட்டுவிட்டு மறக்கவும் தவறாக நினைவுகொள்ளவும் துணியலாமா என்பதே கதையின் இன்னொரு பாதி. அதனால் படம் பார்த்திருந்தாலும் கதையை வாசியுங்கள், வேறு அனுபவம்.

எங்கே தொடங்குவது? பலரும் 'ரெவலேஷன் ஸ்பேஸ்' வாங்கி நூறு பக்கத்தில் நிறுத்திவிடுகிறார்கள். காரணம் மொழியல்ல, அத்தியாயத் தலைப்புகள். மூன்று இழைகள் மாறி மாறி வரும். ஒன்று ரெசர்கம் கோளில் 2551ஆம் ஆண்டு, அடுத்தது கப்பலில் 2543, மூன்றாவது யெல்லோஸ்டோனில் 2524. மூன்றும் ஒரே நேரத்தில் நடப்பதாக நினைத்துப் படித்தால் யார் யாரைத் தேடிப் போகிறார் என்பதே குழம்பிவிடும். பயண ஆண்டுகள் கழியக் கழியத்தான் இழைகள் ஒன்றையொன்று நெருங்கும். இடத்தையும் ஆண்டையும் ஒரு துண்டுத் தாளில் குறித்து புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது.

அதைவிட நல்லது, 'புஷிங் ஐஸ்' நாவலில் தொடங்குவது. 2005இல் வந்தது, தனி நாவல், முன்கதை எதுவும் தெரிய வேண்டாம். 2057இல் வால்மீன்களிலிருந்து பனிக்கட்டி எடுக்கும் கப்பல் ஒன்று. திடீரென்று சனியின் ஜானஸ் நிலவு தன் பாதையை விட்டுக் கிளம்பிப் போகிறது. துரத்திப் பிடிக்கும் தூரத்தில் இருப்பது இந்தக் கப்பல் மட்டும். எரிபொருள் தொட்டியின் அளவுகளில் ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கிறது என்று பொறியாளர் ஸ்வெட்லானா சொல்கிறாள். அவளுடைய நெருங்கிய தோழியான கேப்டன் பெல்லா நம்ப மறுக்கிறாள். ஓர் எண்ணை நம்புவதா வேண்டாமா என்ற அந்தச் சண்டை பல பத்தாண்டுப் பகையாக வளர்கிறது. இயற்பியலும் மனிதர்களும் இவ்வளவு இறுக்கமாகப் பின்னிய கதை அவரிடமே வேறு இல்லை.

துப்பறியும் கதை பிடிக்குமென்றால் 'கேஸம் சிட்டி'யைத் தனியாகவே வாசிக்கலாம். சின்னதாக வேண்டுமென்றால் 2022இல் வந்த 'எவர்ஷன்'. நார்வே கரையோரம் பாய்மரக் கப்பலில் ஒரு மருத்துவரோடு தொடங்கும், மேற்கொண்டு எதுவும் தெரிந்துகொள்ளாமல் படியுங்கள். 'ஹவுஸ் ஆஃப் சன்ஸ்' என் கணிப்பில் அவருடைய உச்சம்: ஒரே பெண்ணின் ஆயிரம் பிரதிகள், இரண்டு லட்சம் ஆண்டுக்கு ஒரு முறை விண்மீன் மண்டலத்தைச் சுற்றி வந்து கூடிப் பேசுகிறார்கள். ஆனால் அவருடைய கால அளவுகள் பழகிய பிறகே அதற்குப் போங்கள்.

'அப்சல்யூஷன் கேப்' கடைசிப் பகுதியில் அவசரமாக முடியும். நிறைய வாசகர்களின் மனக்குறை அது, எனக்கும் உண்டு. 2021இல் வந்த 'இன்ஹிபிட்டர் ஃபேஸ்' அந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்புகிறது.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2007இல் 'தி ப்ரீஃபெக்ட்' என்று வந்த நாவல் பிற்பாடு 'அரோரா ரைசிங்' என்ற பெயரில் மறுபதிப்பானது. இரண்டும் ஒரே புத்தகம், இரண்டு முறை வாங்கிவிடாதீர்கள். அதன் தொடர்ச்சிகள் 'எலிசியம் ஃபயர்', 'மெஷின் வெண்டெட்டா'. அதேபோல் 'மெடூசா க்ரானிக்கிள்ஸ்' எடுப்பதற்கு முன் கிளார்க்கின் அந்தக் குறுநாவலை ஒரே மாலையில் முடித்துவிடலாம். வியாழனின் மேகங்களுக்குள் பலூனில் இறங்கும் ஃபால்கன் எப்படிப் பாதி இயந்திரமானார் என்பது அதில்தான் இருக்கிறது.