கேட்டதைச் செயலாக்குவது எப்படி?

கேள்வி: மார்க்க வகுப்புகளுக்குத் தவறாமல் செல்கிறேன். ஆனால், கேட்டவற்றில் பெரும்பாலானவற்றை அமல் செய்ய முடியவில்லை. செயல்படுத்தாத கல்விக்கு மறுமையில் பதில் சொல்ல வேண்டுமே என்ற அச்சத்தில், வகுப்புக்குச் செல்வதையே நிறுத்திவிடலாமா?
- வாசகி ஒருவர்

பதில்: நிறுத்த வேண்டாம், சகோதரி. உங்கள் அச்சம் நியாயமானதுதான். கற்ற கல்வியைக் கொண்டு என்ன செய்தாய் என்று மறுமையில் கேட்கப்படும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஆயினும், கற்பதை விட்டுவிடுவது அந்தக் கேள்விக்குப் பதிலாகாது. வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். உஸ்மான் (ரலி), இப்னு மஸ்ஊத் (ரலி) போன்ற நபித்தோழர்கள் பத்து வசனங்களைக் கற்றால், அவற்றிலுள்ள அறிவையும் செயலையும் கைக்கொள்ளாமல் அடுத்த வசனங்களுக்குச் சென்றதில்லை என்று, அவர்களிடம் குர்ஆன் பயின்ற அபூ அப்துர் ரஹ்மான் அஸ்ஸுலமீ கூறுகிறார்.

ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் ஓர் அறிவிப்பு உண்டு. ஒரு நாளில் 12 ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) உபரித் தொழுகை, அதாவது கடமையல்லாத கூடுதல் தொழுகை, தொழுபவருக்குச் சொர்க்கத்தில் ஒரு வீடு கட்டப்படும் என்ற நபிமொழியை அறிவிக்கும் நபியவர்களின் மனைவி உம்மு ஹபீபா (ரலி) அவர்கள், "இதைக் கேட்டதிலிருந்து நான் அவற்றை விட்டதில்லை" என்கிறார்கள்; அவர்களிடம் கேட்ட அன்பஸா, அவரிடம் கேட்ட அம்ர் பின் அவ்ஸ், அவரிடம் கேட்ட நுஃமான் பின் ஸாலிம் ஆகியோரும் அதையே சொல்கிறார்கள். எத்தனை அழகான தொடர்! நீங்களும் ஃபஜ்ர் எனும் அதிகாலைத் தொழுகைக்கு முந்தைய 2 ரக்அத்தை நாளை முதல் விடாமல் தொழுங்கள். அது வழக்கமான பின் அடுத்ததைத் தொடங்குங்கள்.